சிரிக்க மறுத்த பிணம்

நான் இதுவரை பதினேழு முறை செத்திருக்கிறேன். வில்லன் சுட்டு இரண்டு, லாரி மோதி மூன்று, பிரசவத்தில் நான்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் சரிந்தது ஐந்து. மீதி மூன்றில் எதனால் செத்தேன் என்று எனக்கே யாரும் சொல்லவில்லை. "படுத்துக்கோங்கம்மா" என்றார்கள், படுத்துக்கொண்டேன். கதாநாயகியாக நடித்தது மூன்றே படங்கள் என்பதால், முப்பத்தைந்து வருடத் தொழிலில் சாவில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

போன மாதம் தாம்பரம் கிழக்கில் உங்கள் நடிப்பு வகுப்புக்கு என்னை அழைத்திருந்தீர்கள். கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடி, மேலே தகரக் கூரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில். கேள்வி நேரத்தில் மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் எழுந்தாள். "மேடம், முதல் படத்துல, இறந்துபோன அப்பாவை நினைச்சுத்தான் அழுதேன்னு ஒரு பேட்டியில சொன்னீங்க. நானும் அப்படித்தான் பண்றேன். போன வருஷம் தவறிப்போன என் தம்பியை நினைச்சுக்கறேன். கரெக்ட்தானே மேடம்?" என்று கேட்டாள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ட்ரெயின் சத்தத்துல சரியா கேக்கலம்மா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன்.

எனக்கு நன்றாகவே கேட்டது. அன்று அப்படி நழுவியதற்கு அபராதமாகத்தான் என் செம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேட்டி விஷயம். எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். வேலை முடிந்து சந்துக்குள் திரும்பும்போதே ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அது எங்களுக்கு அபாயச் சங்கு. ரேடியோவை அணைத்துவிட்டு ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது அவர் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் காலையில், "ஒரு சாத்துக்குடி உரிச்சுக் குடும்மா" என்றார். எனக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. "வந்து உரிச்சுத் தர்றேம்ப்பா" என்று பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பழம் அங்கேயே இருந்தது.

அடுத்த வருடமே சினிமாவில் முதல் வாய்ப்பு வந்துவிட்டது. கதாநாயகனின் தங்கை வேடம். அண்ணன் வீட்டை விட்டுப் போகும்போது நான் வாசலில் நின்று அழ வேண்டும். கிளிசரின் போட்டார்கள். கண் சிவந்ததே தவிர, முகத்தில் ஒரு துக்கமும் ஏறவில்லை. ஏழு டேக் ஆயிற்று. கதாநாயகன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இயக்குநர் என் காதருகே வந்து, "உங்கப்பா போயிட்டாராமே. அவரை நினைச்சுக்கோ" என்றார். எட்டாவது டேக்கில் அந்தச் சாத்துக்குடியை நினைத்தேன். கேமரா வைத்த ட்ராலி தண்டவாளத்தில் கிறீச்சிட்டபடி என் முகத்தை நோக்கி வந்தது. நான் அழுத அழுகையில் லைட்மேன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புருஷன் ஏமாற்றினாலும் அப்பா வந்தார். குழந்தை காணாமல் போனாலும் அப்பாதான். ஒரு படத்தில் வளர்த்த கன்றுக்குட்டி செத்ததற்குக்கூட அவரைக் கூப்பிட்டேன், வந்தார். நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. ஒரு நவம்பரில் அப்பாவின் நினைவு நாள் திருப்பலி. பாதிரியார் அவர் பெயரை வாசித்தபோது பக்கத்தில் அம்மா விசும்பினாள். நானும் கண்ணை மூடினேன். சாத்துக்குடி தெரிந்தது, கூடவே ட்ராலி கிறீச்சிடும் சத்தம். இடது கன்னத்தில் வெளிச்சம் விழுகிறதா என்று மனம் கணக்குப் பார்த்தது. எவ்வளவு முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "நீதாண்டி தைரியசாலி" என்றாள். அன்று எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேட்டிகளில் முதல் பாதியை மட்டும் சொல்வேன். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும், எனக்கும் அது பிடித்திருந்தது. கூச்சமே இல்லாமல் இருபது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கான பலன் ஒருநாள் கோவளத்தில் எனக்குக் கிடைத்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால், நம் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலர் இன்னும் செத்திருக்க மாட்டீர்கள். பிணமாக நடித்து முடித்ததும் கேமராவை அப்படியே வைத்து, செத்தவரை அதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி நாலு நொடி எடுப்பார்கள். அது படத்தில் வராது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் அதை எடுக்காமல் கேமராவை நகர்த்த மாட்டார்கள். முதல்முறை என்னைச் சிரிக்கச் சொன்னபோது, "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். என் முகத்தில் சுண்ணாம்பு நிறத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மேக்கப்காரர், "நீ செத்தத இந்தப் பொட்டி பாத்துடுச்சு இல்ல? நீ உசுரோட கீறதயும் அது பாக்கட்டும், இன்னா கெட்டுப் போவுது?" என்றார். அதிலிருந்து பதினாறு சாவுக்கும் மறுபேச்சில்லாமல் சிரித்திருக்கிறேன். பதினேழாவதற்குத்தான் மாட்டேன் என்றேன்.

கொரோனா ஓய்ந்து படப்பிடிப்புகள் மறுபடி தொடங்கியிருந்த சமயம் அது. எனக்கு ஆறு வருடமாக வேலை இல்லை. தினமும் ஏரிக்கரையில் நடப்பேன். எதிரே வருகிறவர்கள், "நீங்க அவங்கதானே?" என்று கேட்பார்கள். "இல்லை, அவங்க மாதிரி இருப்பேன்" என்று சொல்வேன். அந்த நேரத்தில் ஓர் இளம் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். மீனவக் குடும்பத்து அம்மா வேடம், முக்கியமான பாத்திரம், இடைவேளையில் சாக வேண்டும். இந்தப் படம் ஓடினால் இன்னும் பத்து வருடம் அம்மாவாக இருக்கலாம், இல்லையென்றால் ஏரிக்கரைதான். எனக்கு இது கடைசிக் கதவு என்று நன்றாகத் தெரியும். கதையைக்கூட முழுதாகக் கேட்காமல் ஒத்துக்கொண்டேன்.

தயாரிப்பாளர், தாம்பரத்தைச் சுற்றி மனை போட்டு விற்றுச் சம்பாதித்தவர். அதுதான் அவருக்கு முதல் படம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் காரை எடுக்க மாட்டார். நல்ல மனிதர், ஆனால் பல்லி கத்தினால்கூட யாரிடமாவது அர்த்தம் கேட்பார்.

சாவுக் காட்சி கோவளத்துக் கரையில். பத்து மணிக்குப் படகுகள் வந்து மீன் ஏலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் காலை ஏழு மணிக்கே என்னைச் சாகடித்துவிட்டார்கள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் ஒரு ரூபாய், தாடையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுவதற்கு அந்த ஊர்ப் பெண்களையே பத்துப் பேர் கூட்டி வந்திருந்தார் இயக்குநர். மீன் விற்கிற பெண்கள். அவர்களுக்கு என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"அய்ய, டிவில வெள்ளையா கீறாங்க, நேர்ல நம்ம கலருதாம்ப்பா."

"தாடைய ஏன் கட்டிக்கீறாங்க? பேசிக்கினே இருப்பாங்களோ இன்னாமோ!"

தாடையைக் கட்டியிருந்ததால் பதில் சொல்ல முடியாமல் கிடந்தேன். அவர்களில் தேசம்மா என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும், என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தில் உட்கார வந்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிணமாக நடித்தவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று.

இரண்டு டேக் எடுத்தார்கள். பெண்கள் "ஓ" என்று கத்தினார்களே தவிர, ஒருவர் முகத்திலும் சாவு இல்லை. இயக்குநர் அவர்கள் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். "உங்க வீட்டுல யாராவது தவறியிருப்பாங்க இல்ல? அவங்களை நினைச்சுக்கோங்கம்மா. அவங்கதான் இங்க படுத்திருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க" என்றார். என் முதல் படத்தில் காதருகே எனக்குக் கிடைத்த அதே யோசனை.

மூன்றாவது டேக். சில நொடிகள் கடல் சத்தம் மட்டும். பிறகு என் தலைமாட்டில் ஒரு மூச்சு இழுபட்டது. என் வலது கையை யாரோ எடுத்தார்கள். உப்பும் செதிலும் ஏறிக் காய்ந்த கை.

"அக்கா... இங்க வந்து படுத்துகினியா? அன்னிக்கி மூஞ்சியக் காட்டாம கட்டி எடுத்துனு போய்ட்டானுங்களேக்கா... வாசலாண்ட நின்னு கத்துனேனே, பாக்க வுடலியே... ஒரு மஞ்சா பூசலியே, ஒரு பூ வெக்கலியே... இப்ப வந்து படுத்துகினு கீறியா?"

தேசம்மா என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. கொரோனாவில் போன அக்கா. துணி சுற்றி, முகம் காட்டாமல், வீட்டுக்கும் கொண்டுவராமல் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அழ ஓர் உடம்பு கிடைக்காமல் இருந்தவளுக்கு முன்னால், மஞ்சள் பூசி, பூ வைத்து, என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம்.

எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். எழுந்தால் அந்த ஷாட் போய்விடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அக்கா என்று அவள் பிடித்துக்கொண்டிருக்கும் கை திடீரென்று ஒரு நடிகையின் கையாக மாறிவிடும். அதை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூச்சைக் குறைத்துக்கொண்டு கிடந்தேன். இயக்குநர் "கட்" என்றார். கைதட்டல் கேட்டது. தேசம்மாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை, அவள் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் கட் சொன்ன பிறகும் நான் செத்தே கிடந்தேன்.

இந்த இடத்தில் தயாரிப்பாளருக்கு உயிர் போய்விட்டது. "அம்மா எழுந்துக்கல! யோவ், அம்மா எழுந்துக்கலய்யா! சோடா கொண்டாங்க!" என்று மணலில் ஓடி வந்தார். நான் விரலைக்கூட அசைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தேசம்மாவே மூக்கைச் சிந்தினாள். என் கையை வயிற்றின் மேல் பதமாக வைத்தாள்.

"எயுந்துக்கோக்கா. வெயிலு மூஞ்சில அடிக்குது" என்றாள்.

எழுந்து, தாடைக் கட்டை அவிழ்த்தேன். அவள் எழுந்து போய் ஒரு படகின் நிழலில், கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கூட வந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, அவள் பக்கத்திலும் போகவில்லை. இங்கே இயக்குநர் கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டிருந்தார். "மேடம், என்ன ஷாட் மேடம் இது! இதை ட்ரெய்லர்லயே வைக்கப் போறேன். சீக்கிரம், ஒரு சிரிப்பு மட்டும் குடுத்துட்டீங்கன்னா பேக்கப் பண்ணிடலாம்."

ட்ரெய்லர் என்ற வார்த்தைதான் என்னை உசுப்பியது. தேசம்மா மீன் கூடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து சீட்டுக்காரன் கைபேசியில் அவள் அக்காவுக்காக அழுதது ஓடும், அவன் 'செம ஆக்டிங்' என்று யாருக்காவது அனுப்பி வைப்பான். எனக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது.

"நான் சிரிக்க மாட்டேன்" என்றேன்.

தயாரிப்பாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, என்னம்மா சொல்றீங்க? சிரிக்காம எப்படிம்மா? ஏதாவது ஆயிடும்மா. உங்களுக்கும் நல்லதில்ல, படத்துக்கும் நல்லதில்ல."

"அந்தம்மாகிட்ட அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டுங்க. வச்சுக்கலாமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும். அதுக்கப்புறம் எத்தனை சிரிப்பு வேணும்னாலும் சிரிக்கிறேன். அதுவரைக்கும் நான் பிணம்தான்" என்று சொல்லி மறுபடி பாடையில் படுத்துக்கொண்டேன். ஒரு மனிதருடைய பயத்தை இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

இயக்குநர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை, கெஞ்சினார். "மேடம், அவங்க சம்மதிச்சுத்தானே வந்தாங்க?"

"அழறதுக்கு சம்மதிச்சாங்க. அக்காவைக் குடுக்கறதுக்கு சம்மதிக்கல."

 அவர் மெதுவாக, "மேடம், இதை நான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். அப்பாவை நினைச்சு அழுதேன்னு நீங்க சொன்ன பேட்டியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் தெரியுமா? அதனாலதான் இந்த வேஷத்துக்கு உங்களையே கூப்பிட்டேன்" என்றார்.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்கு வேலை கிடைத்ததே அந்தப் பொய்யால்தான். படுத்தபடியே, யாரிடமும் சொல்லாத இரண்டாவது பாதியை அவரிடம் சொன்னேன். சாத்துக்குடி, ட்ராலி, திருப்பலி, என் வறண்ட கண், எல்லாவற்றையும். "அப்பாவை நினைச்சு அழுதது நிஜம். அதுக்கப்புறம் அப்பாவுக்காக என்னால அழ முடியலங்கறதும் நிஜம். இதைப் பேட்டியில சொல்லலை. என் தப்பு" என்றேன். அவர் எழுந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி எட்டரை. வெளிச்சம் கடினமாகிக்கொண்டிருந்தது, தூரத்தில் இரண்டு மூன்று படகுகள் தெரிய ஆரம்பித்திருந்தன. தயாரிப்பாளர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தப் பையனை நான் இன்றும் மதிக்கிறேன். அவரே நடந்து போய்த் தேசம்மாவை அழைத்து வந்து, மானிட்டர் முன்னால் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ஷாட்டைப் போட்டார். தேசம்மா முழுவதையும் அசையாமல் பார்த்தாள்.

"இத்த எல்லாரும் பாப்பாங்களா?"

"ஆமாம்மா. தியேட்டர்ல, போன்ல, எல்லாத்துலயும்."

அவள் தலையை ஆட்டினாள். "வேணாம் தம்பி. அந்த அயுகை என்னுது. ரெண்டு வருசமா உள்ளயே வெச்சிகினு இருந்தேன், அது எங்கக்காவுக்கு. அத்த உனுக்குக் குடுக்க முடியாது."

இயக்குநர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் "சரிம்மா" என்றுதான் சொன்னார். தேசம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"இப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற? உனுக்கு அயுகைதான வேணும்? வேற ஒண்ணு அயுது தரேன், அத்த எடுத்துக்கோ."

"வேறன்னா... எப்படிம்மா?"

அவள் என் தலைமாட்டில் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். "உங்க கதையில இவங்க எனுக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டாள்.

இயக்குநர் காகிதத்தைப் புரட்டினார். அதில் 'ஊர்ப் பெண்கள்' என்று மட்டும்தான் இருந்தது. "உறவுன்னு தனியா இல்லம்மா. நீங்க அந்த ஊர்க்காரங்க."

"ஊருல ஆயிரம் பேரு கீறாங்க. அல்லாருக்குமா அயுதுகினு கீறோம்?"

பிள்ளைகளே, அப்போது எனக்குத் தொழிலுக்கு வந்து முப்பது வருடம் தாண்டியிருந்தது. எதிரில் நிற்கிறவர் எனக்கு யார் என்று ஒரு படத்திலும் நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கூப்பிட்டுப் பழகியவளுக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நான் படுத்தவாக்கிலேயே பதில் சொன்னேன். "தினம் காலையில நீ கூடை எடுக்கும்போது, நான்தான் உன் தலையில தூக்கி விடுவேன். நமக்குள்ள வேற பேச்சுகூடக் கிடையாது. அவ்வளவுதான்."

தேசம்மா யோசித்தாள். "எத்தினி வருசமா?"

"இருபது வருஷமா."

"அப்ப சரி" என்றாள். "கூடையத் தூக்கி வுட்றவ செத்துப் பூட்டா கஷ்டந்தான்."

நாலாவது டேக். தாடையை மறுபடி கட்டிக்கொண்டு நான் செத்தேன். அவள் முதலில் அழவேயில்லை. எழுந்து நின்று, இல்லாத ஒரு கூடையைத் தரையிலிருந்து தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினாள், யாரும் இல்லை. அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். இதெல்லாம் பிறகு மானிட்டரில் நான் பார்த்தது. அப்போது என் காதில் விழுந்தது அவள் குரல்தான்.

"ஏய்... நேரமாச்சு. வந்து தூக்கி வுடு. எயுந்து வாடி. இனிமே யாருடி எனுக்குக் கூடையத் தூக்கி வுடுவா?"

சுற்றியிருந்த ஒன்பது பெண்களும் கதறிவிட்டார்கள். அவர்களுக்கும் கூடை இருக்கிறதே. என் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு ஒழுகிக் காதுக்குள் போயிற்று. நல்லவேளை, கேமரா மறுபக்கம் இருந்தது. முதல்முறையாக ஒரு படப்பிடிப்பில் நான் அப்பாவைக் கூப்பிடாமல் அழுதேன், ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நானே கதையாகக் கட்டிவிட்ட கூடைக்காக.

"கட்" என்று சொல்லாமல் இயக்குநர் கையைத்தான் தூக்கினார். தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது போதுமா தம்பி? கம்மியா இருந்தா சொல்லு" என்றாள். அவர் அவளைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரேயே பழைய ஷாட்டை அழித்தார். 

இனி சிரிப்பு. கேமரா என் முகத்துக்கு நேரே வந்தது. தயாரிப்பாளர் கற்பூரத்தோடு தயாராக நின்றார். பேச்சுப்படி சிரித்துவிட வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு முயன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு கோணிக்கொண்டு அழுகைதான் வந்தது. "அம்மா, இப்ப என்னம்மா?" என்று அவர் அலறினார். கேமராவுக்குப் பின்னாலிருந்து தேசம்மா எட்டிப் பார்த்தாள்.

"சிரியேக்கா" என்றாள். "எங்கக்கா எயுந்து சிரிக்கல. நீயாச்சும் சிரிச்சிட்டு எயுந்துக்கோ."

சிரித்தேன். அவளைப் பார்த்துத்தான் சிரித்தேன். நெற்றியிலிருந்த ரூபாய் கழன்று மணலில் விழுந்தது. தயாரிப்பாளர் கற்பூரம் கொளுத்தினார், முதல் படகு கரையில் இடித்து நின்றது, பெண்கள் எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு ஓடினார்கள். தேசம்மாவும் ஓடினாள். ஓடியவள் நின்று, கூடையை என் முன்னால் வைத்து, தலையை மட்டும் குனிந்து காத்திருந்தாள். தூக்கிவிட்டேன்.

படம் ஓகோ என்று ஓடவில்லை, ஆனால் அந்தக் காட்சியைப் பேசினார்கள். எனக்கு அதற்கப்புறம் நாலு வருடம் வேலை இருந்தது, முழங்கால் மக்கர் செய்ததால் போன வருடம் நானாகத்தான் நிறுத்தினேன். ஆனால் நிஜமாக வளர்ந்தது தேசம்மா. மீன் வியாபாரத்தையும் விடவில்லை, நடிப்பையும் விடவில்லை. இதுவரை ஒன்பது படம் செய்துவிட்டாள். உங்களில் யாராவது அவளோடு நடிக்க நேர்ந்தால், வசனத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "கதையில நீ எனுக்கு யாரு?" என்று கேட்பாள். பேந்தப் பேந்த விழிக்காதீர்கள், பதிலோடு போங்கள்.

மஞ்சள் சுடிதார் போட்ட பெண்ணே, உன் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: இல்லையம்மா, கரெக்ட் இல்லை. நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். உன் தம்பியைக் கேமராவுக்குக் கொண்டுபோகாதே, அவனை வீட்டிலேயே வை. எதிரில் இருப்பவர் கதையில் உனக்கு யார் என்று கேள். எழுதியவர்களுக்குத் தெரியவில்லையென்றால் நீயே ஒரு கூடையைக் கட்டிக்கொள். அழுகை வரும். வர நேரமானால் கிளிசரின் போட்டுக்கொள், அதில் ஒரு அவமானமும் இல்லை. ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டாயோ என்று பயப்படாதே. அதற்குத்தான் இதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவளத்துக்குப் பிறகு எந்தப் படத்துக்கும் நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. போன நவம்பரில் அவர் நினைவு நாளன்று திருப்பலி முடிந்து வரும் வழியில் ஒரு சாத்துக்குடி வாங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. மேசை முன்னால் உட்கார்ந்து மெதுவாக உரித்தேன். வழக்கம்போல ட்ராலி சத்தம் கேட்டது. உரித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்தது. அப்புறம், இரும்புலியூர்ச் சந்து முனையில் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு அழுதேன். யாரும் கட் சொல்லவில்லை.